நோன்பில் பிறந்து சிறுபிள்ளையான சொல்

‘ஜிஜூன்’ (jejune) என்று ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது. அன்றாடப் பேச்சில் யாரும் பாவிப்பதில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளின் பத்திகளில், நூல் மதிப்புரைகளில், யாரோ ஒருவருடைய பாராளுமன்ற உரையைக் குத்திக்காட்டும் கட்டுரைகளில் எப்போதாவது தலைகாட்டும். ஃபோனில் அகராதியைத் தட்டிப் பார்த்தால் ‘சாரமற்ற, வறண்ட’ என்று ஒரு பொருள் வரும், கீழே இறங்கினால் ‘சிறுபிள்ளைத்தனமான’ என்று இன்னொன்று வரும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு வறண்ட விரிவுரையைச் சிறுபிள்ளை நிகழ்த்தாது, சிறுபிள்ளை செய்கிற குழப்படி எதுவும் வறண்டதாக இருக்காது. ஆனாலும் இரண்டும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. காரணம், இதில் ஒன்று சொந்தப் பிள்ளை, மற்றது ஒலி ஒற்றுமையால் உள்ளே வந்து ஒட்டிக்கொண்ட பிள்ளை. சொந்தப் பிள்ளை எது என்று தேடிப் போனால் போய் நிற்கும் இடம் நோன்பு.

லத்தீனில் ‘யெயூனுஸ்’ என்றால் நோன்பிருக்கிற, வெறுவயிற்றோடு இருக்கிற என்று பொருள். ‘யெயூனியம்’ என்றால் நோன்பு. ரோமர்கள் காலத்திலேயே இந்தச் சொல் வயிற்றை விட்டு வெளியே நடக்கத் தொடங்கிவிட்டது. முதலில் மண்ணுக்குப் போனது. வெர்ஜில் என்ற ரோமக் கவிஞர் வேளாண்மையைப் பற்றிப் பாடிய நீண்ட கவிதையில் எந்த மண்ணில் எது விளையும் என்று சொல்லிக்கொண்டு வரும்போது, சரிவு நிலத்துச் சரளை மண்ணை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். பட்டினி கிடக்கிற சரளை, தேனீக்களுக்கு வேண்டிய சின்னச் செடிகளைக் கூட ஒழுங்காகக் கொடுக்காது என்கிறார். பிறகு மண்ணிலிருந்து பேச்சுக்குப் போனது. சதைப்பிடிப்பு இல்லாத, எலும்பும் தோலுமான பேச்சுநடையைக் குறிக்க ரோமப் பேச்சாளர் சிசரோ இதே சொல்லை எடுக்கிறார். வயிறு, மண், பேச்சு மூன்றிலும் உள்ளே ஒன்றும் இல்லை என்பதுதான் பொது.

இதை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க அதிகம் கஷ்டப்பட வேண்டாம். இங்கே வேளாண்மை என்றாலே நெல்தான், வேளாண்மை வெட்டு என்றாலே அறுவடைதான். கதிர் பார்வைக்கு நல்லா நிமிர்ந்து நிற்கும், கையில் எடுத்து நசுக்கினால் உமிக்குள் அரிசி இருக்காது, தூற்றும்போது காற்றோடு போய்விடும். அந்தப் பதர்தான் ‘ஜிஜூன்’ என்பதன் முதல் பொருள். கெட்டது என்றோ பிழையானது என்றோ அது சொல்லவில்லை. உள்ளீடு இல்லாதது, அவ்வளவுதான். ஒருவர் ஒரு மணித்தியாலம் பேசி முடித்து, கேட்டவர்கள் எழும்பிப் போகும்போது எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பேச்சு ஜிஜூன்.

ஆங்கிலத்துக்குள் சொல் நுழைந்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். படித்தவர்கள் எல்லாரும் லத்தீன் படித்தவர்களாக இருந்த காலம் அது. தங்கள் மொழியில் ஒரு சொல் போதவில்லை என்று தோன்றினால் லத்தீனிலிருந்து ஒன்றைத் தூக்கி, வாலை மட்டும் நறுக்கி வைத்துக்கொள்வார்கள். நோன்பிருக்கிற என்ற நேர்ப்பொருளிலும் கொஞ்சக் காலம் எழுதினார்கள். அது நிலைக்கவில்லை, அதற்குத்தான் அவர்களிடம் ஏற்கனவே வீட்டுச் சொல் இருந்ததே. நிலைத்தது அறிவுக்குத் தீனி தராத என்ற பொருள். சுமார் 300 வருடத்துக்கு அதுதான் ஒரே பொருள் என்று சொல்லலாம். அந்தக் காலத்து ஆங்கில நூல் ஒன்றில் இந்தச் சொல்லைப் பார்த்துச் சிறுபிள்ளைத்தனம் என்று மொழிபெயர்த்தால் அது தப்பு, அதில் விவாதத்துக்கு இடமில்லை.

இந்தச் சொல்லின் சொந்தக்காரர்களில் ஒருவர் எங்கள் எல்லாருடைய வயிற்றுக்குள்ளேயும் இருக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ‘ஜெஜூனம்’ தெரியும். சிறுகுடலின் நடுப்பகுதி, சுமார் இரண்டரை மீற்றர் நீளம். கிரேக்க மருத்துவர்கள் உடலைத் திறந்து பார்த்தபோது இந்தப் பகுதி பெரும்பாலும் வெறுமையாக இருந்ததாம். அதனால் தங்கள் மொழியில் ‘நேஸ்டிஸ்’, அதாவது நோன்பிருக்கிறது, என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ரோமர்கள் அதை அப்படியே லத்தீனாக்க, நோன்புக் குடல் என்ற பொருளில் ஜெஜூனம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், உண்ட உணவின் சத்தில் பெரும்பங்கு உறிஞ்சப்படுவது இந்தப் பகுதியில்தான். ஊருக்கெல்லாம் சோறு போடுகிற இடத்துக்குப் பட்டினிக்காரன் என்று பெயர்! தமிழில் முன்சிறுகுடல், நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல் என்று இடத்தைப் பார்த்து ஒழுங்காகப் பெயர் வைத்துவிட்டோம். மாணவருக்கு அது நல்லது, குழப்பம் இல்லை. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் இப்படித்தான் யோசிக்க வேண்டும், காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல் வேலையில் முன்னின்றபோதும் விளங்க வேண்டும் என்பதுதான் பெரிய கவலையாக இருந்திருக்கும். ஆனால் நோன்புக் கதை தமிழ்ப் பெயரில் இல்லாததால், உயிரியல் வகுப்பில் ஜெஜூனமும் ஆங்கில வகுப்பில் ஜிஜூனும் வேறு வேறு ஆட்களாகத் தெரிகிறார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முகச்சாயல் தெரியும்.

இன்னொரு கிளை சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். பிற்கால லத்தீனில் நோன்பைக் கழற்றுவது என்ற பொருளில் ஒரு வினைச்சொல் உருவானது, ‘டிஸ்ஜெஜூனாரே’ என்று. அது பிரெஞ்சுக்குள் போய் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தேய்ந்து தேய்ந்து ‘டினே’ ஆனது, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து ‘டின்னர்’ ஆனது. மற்றது அவ்வளவு தேயாமல் ‘டெஜூனே’ என்று நின்றது. அதாவது இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் சொல்கிற டின்னர், பிறப்பால் காலைச் சாப்பாடு. ஆங்கிலத்தின் ‘பிரேக்ஃபாஸ்ட்’ நோன்பை உடைப்பது என்றால், டின்னரும் நோன்பை உடைப்பதேதான். பிரான்சில் நாளாக நாளாகச் சாப்பாட்டு நேரங்கள் பின்னுக்குத் தள்ளிப்போய், டெஜூனே மத்தியானச் சாப்பாடாகிவிட்டது. பிறகு காலையில் சாப்பிடுவதற்குப் பெயர் இல்லாமல் ‘சின்ன டெஜூனே’ என்று வைத்துக்கொண்டார்கள். கனடாவின் கியூபெக்கிலும் பெல்ஜியத்திலும் சுவிற்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இன்னும் பழைய ஒழுங்கிலேயே, காலைக்கு டெஜூனே, மத்தியானத்துக்கு டினே என்று சொல்கிறார்கள். ஐரோப்பாவில் சொந்தக்காரர் உள்ளவர்கள் கேட்டுப் பார்க்கலாம், பாரிஸ் மாமாவும் ஜெனீவாச் சித்தியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரே சொல்லைச் சொல்ல மாட்டார்கள். ஸ்பானிய மொழியில் நோன்புக்கு ‘அயூனோ’, காலைச் சாப்பாட்டுக்கு ‘டெசயூனோ’. இத்தாலியில் ‘டிஜூனோ’. போர்த்துக்கேயத்தில் ‘ஜெஜும்’.

போர்த்துக்கேயம் என்றதும் மட்டக்களப்பில் நின்று கேட்கத் தோன்றும். 1628 இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள், 1638 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பத்து வருடக் கோட்டை வாழ்க்கைதான், ஆனாலும் அவர்கள் வழிவந்த பறங்கியர் இன்றும் மட்டக்களப்பில் இருக்கிறார்கள், அவர்களுடைய வீட்டு மொழியில் போர்த்துக்கேயம் இன்னும் முற்றாகச் சாகவில்லை. எங்கள் வீட்டுத் தமிழிலும் கதிரை, அலுமாரி, மேசை, சப்பாத்து, பாண், லேஞ்சி என்று அவர்களுடைய சாமான்கள் நிறையக் கிடக்கின்றன. ஜெஜும் மட்டும் ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை போலும், ஏனென்றால் பட்டினி கிடந்து சாமி கும்பிடுகிற விசயத்தில் கிழக்கு மாகாணத்துக்கு யாரும் சொல் கடன் கொடுக்க வேண்டியதில்லை.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று எங்கே போனாலும் முஸ்லிம்கள் சொல்வது நோன்பு. பச்சைத் தமிழ்ச் சொல். பக்கத்து ஊர் இந்துக்கள் சொல்வது விரதம், அது வடமொழி. (தமிழ் தமிழ் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்களா தெரியாது. தொழுகை, பள்ளி, நோன்பு என்று நல்ல தமிழைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் யார் என்று பாருங்கள்.) கத்தோலிக்கரிடம் ஒருசந்தி என்ற பழைய சொல் இருக்கிறது, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். நோன்பு என்ற சொல்லுக்கு அடியில் பசி இல்லை. நோற்றல், நோன்றல் என்றால் பொறுத்தல், தாங்குதல். ‘உற்றநோய் நோன்றல்’ என்று தவத்துக்கு வள்ளுவர் இலக்கணம் சொல்வது இந்தப் பொருளில்தான். ஆங்கிலத்தின் ‘ஃபாஸ்ட்’டும் ஏறத்தாழ இதே இடத்திலிருந்து வருகிறது, இறுக்கமாக, உறுதியாக நிற்பது என்ற அடியிலிருந்து. ரோமர்கள் மட்டும் வெறும் வயிற்றைப் பார்த்தார்கள், பார்த்ததை மண்ணுக்கும் பேச்சுக்கும் கொண்டுபோனார்கள். நோன்பு என்ற எங்கள் சொல்லிலிருந்து சாரமற்ற பேச்சு என்ற பொருள் ஒருக்காலும் வந்திருக்காது.

நோன்பை முடிப்பதற்கும் ஆளுக்கொரு பார்வை. முஸ்லிம்கள் நோன்பு திறப்பார்கள். அரபியில் அதற்குள்ள இஃப்தார் என்ற சொல்லின் வேருக்குப் பிளத்தல், உடைத்தல் என்று பொருள், அரபு நாடுகளில் காலைச் சாப்பாட்டுக்கும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். கந்தசஷ்டி ஆறு நாளும் பிடித்தவர்கள் சூரன்போருக்கு மறுநாள் பாறணை பண்ணுவார்கள், அது கடந்து அக்கரை சேர்வது என்ற வடமொழி அடியிலிருந்து வந்தது. உடைக்கிறார்கள், கழற்றுகிறார்கள், திறக்கிறார்கள், கரை சேர்கிறார்கள். பசி எல்லாருக்கும் ஒன்றுதான்.

சரி, இவ்வளவு பசியிலும் பட்டினியிலும் பிள்ளை எங்கே வந்தது?

லத்தீனில் இளைஞனுக்கு ‘யுவெனிஸ்’ என்று சொல். வடமொழி வழியாக எங்களுக்கு வந்த யுவன், யுவதியும் அதுவும் ஒரே குடும்பம். அந்த யுவெனிஸ் ஆங்கிலத்தில் ‘ஜுவெனைல்’ ஆனது, அதன் ஒப்பீட்டு வடிவம் ‘ஜூனியர்’ ஆனது, பிரெஞ்சில் அது இன்னும் சுருங்கி ‘ஜோன்’ போல ஒலிக்கிற ஒரு சின்னச் சொல்லாக நின்றது. இப்போது நோன்புப் பக்கம் வாருங்கள். யெயூனியம் என்ற நோன்புச் சொல் பிரெஞ்சில் தேய்ந்து எங்கே போய் நின்றது தெரியுமா? அதுவும் ‘ஜோன்’ போலத்தான். எழுத்தில் ஒரே எழுத்துகள், ஒரேயொரு வித்தியாசம், நோன்புக்கு நடுவிலுள்ள எழுத்தின் தலையில் ஒரு சின்னத் தொப்பி இருக்கும், இளமைக்கு அது இல்லை. ஒலியிலும் கேட்டும் கேளாத அளவு வேறுபாடுதான். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் சம்பந்தமே இல்லாமல் இருந்த இரண்டு சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒருவர் முகம் மற்றவருக்கு வந்துவிட்டது.

கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்த, லத்தீன் அவ்வளவாகத் தெரியாத ஓர் ஆங்கில வாசகர் ‘ஜிஜூன்’ என்ற சொல்லைப் பார்க்கிறார் என்று வையுங்கள். ஜூனியர் ஞாபகம் வரும், ஜுவெனைல் ஞாபகம் வரும், பிரெஞ்சு இளமைச் சொல் கண்ணுக்கு முன்னால் நிற்கும். வாக்கியத்திலும் அது யாரையோ மட்டம்தட்டத்தான் வந்திருக்கிறது. ‘அவருடைய ஜிஜூன் கருத்துகள்’ என்றால் வறண்ட கருத்துகள் என்றும் எடுக்கலாம், பச்சைப்பிள்ளைக் கருத்துகள் என்றும் எடுக்கலாம், இரண்டும் அந்த இடத்தில் பொருந்தும். அகராதியைப் புரட்டாமலே பொருள் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போவார். நாளைக்கு அவரும் அதே பொருளில் எழுதுவார். சொற்பொருள் மாறுவது பெரும்பாலும் இப்படி, இரண்டு பொருளும் பொருந்துகிற வாக்கியங்களில்தான். மாறுகிற அன்று யாருக்கும் தெரியாது.

இந்தப் புதுப் பொருளுக்குப் பழைய சான்றாகக் காட்டப்படுவது பெர்னாட் ஷா. 1894 இல் மேடையேறி 1898 இல் அச்சான அவருடைய ‘ஆம்ஸ் அண்ட் த மேன்’ நாடகத்தில் ஒரு படைவீரப் பாத்திரத்தை அறிமுகப்படுத்தும் குறிப்பில் இந்தச் சொல் வருகிறது. தன் இலட்சியங்கள் அப்பழுக்கற்றவை என்று நம்பிக்கொண்டு, உலகம் அவற்றை மதிக்கவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற அழகன் அவன். அந்த நம்பிக்கைக்கு ஷா போட்ட அடைமொழிதான் ஜிஜூன். வெறுமையான நம்பிக்கையா, வெகுளித்தனமான நம்பிக்கையா? என்னைக் கேட்டால் ஷா இரண்டாவதைத்தான் நினைத்து எழுதியிருக்கிறார், அந்தப் பாத்திரம் அப்படிப்பட்ட வளர்ந்த பிள்ளை. ஆங்கில எழுத்துக்கூட்டல் சரியில்லை என்று வாழ்நாளெல்லாம் சண்டை பிடித்து, புது நெடுங்கணக்கு ஒன்றை உருவாக்க உயிலில் காசும் எழுதி வைத்த மனிதர் அவர். அவருடைய பெயரிலேயே ஒரு சொல்லின் பொருட்பிசகு பதிவாகியிருப்பதை அவர் இரசித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

20ஆம் நூற்றாண்டில் இந்தப் பொருள் நன்றாகப் பரவியது. சிலர் ஒருபடி மேலே போய், பிரெஞ்சு இளமைச் சொல்லை அப்படியே உள்ளே வைத்து எழுத்துக்கூட்டலையும் மாற்றி எழுதினார்கள், அதைப் பார்த்தால் சந்தேகமே இல்லாமல் தெரியும் எந்தச் சொல்லை நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்று. இலக்கணக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அகராதிக்காரர்கள் அப்படி அடித்துக்கொள்வதில்லை, மக்கள் எழுதுவதைப் பதிவு செய்வதுதான் அவர்கள் வேலை. ஆகவே இன்றைக்கு ஒக்ஸ்ஃபோர்டிலும் மெரியம் வெப்ஸ்ரரிலும் இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அப்படியென்றால் சிறுபிள்ளைத்தனம் என்ற பொருள் பிழையா? பிறப்பு பிழையாக இருக்கலாம், இருப்பு பிழையில்லை. கேட்டதற்கும் தெரிந்ததற்கும் முடிச்சுப் போட்டுப் பொருள் காண்பதை மக்கள் எல்லா மொழியிலும் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் மணிக்கூண்டுக்கு ‘பெல்ஃப்ரி’ என்று சொல்வார்கள், உள்ளே மணி இருப்பதால் மணிக்குரிய ‘பெல்’தான் அது என்று யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது கோட்டையை முற்றுகையிடப் பயன்பட்ட மரக் கோபுரத்தின் பெயர், அதில் ‘ல்’ இருக்கவில்லை, ‘ர்’தான் இருந்தது, கோபுரத்தில் மணி தொங்கத் தொடங்கிய பிறகு பெயரும் மணியடித்துவிட்டது. பாமரர் மட்டும்தான் இப்படிச் செய்வார்கள் என்றும் இல்லை. ‘இன்டர்நெசைன்’ என்ற சொல்லை எடுங்கள், எங்கள் யுத்த காலத்து ஆங்கிலப் பத்திரிகை வாசித்தவர்களுக்கு மிகவும் பழக்கமான சொல், ஒரே பக்கத்தார் தங்களுக்குள் வெட்டிக்கொள்வதைச் சொல்ல வரும். லத்தீனில் அதற்கு அழித்தொழிக்கிற என்று மட்டுமே பொருள், தங்களுக்குள் என்ற கருத்தே இல்லை. முன்னொட்டைப் பார்த்துவிட்டு ‘ஒருவரையொருவர்’ என்று பொருள் எழுதியவர் சாமுவேல் ஜோன்சன், 1755 இல், ஆங்கில அகராதிகளுக்கெல்லாம் தாத்தா என்று சொல்லத்தக்க தன் அகராதியில். அவர் எழுதியதுதான் இன்றைக்குச் சரி.

எங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள். தமிழரைக் கேட்டால் மட்டமான களப்பு, அதனால் மட்டக்களப்பு என்பார்கள். சிங்களத்தில் ‘மட’ என்றால் சேறு, ‘களப்புவ’ என்றால் களப்பு, ஆகவே சேற்றுக் களப்பு என்று அவர்கள் சொல்வார்கள். வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றால் இரண்டும் சரிபோலத்தான் இருக்கும், அதுதான் இந்த மாதிரி விளக்கங்களின் பலமும் பிரச்சினையும். கேட்க நன்றாயிருப்பது வேறு, வந்த வழி வேறு.

தமிழிலும் சொற்கள் ஒரே இடத்தில் குந்திக்கொண்டிருக்கவில்லை. ‘கற்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டது மணக்குமா என்ற பொருளில். இன்றைக்கு ஒருவர் வீட்டுக்குப் போய் உங்கள் கறி நன்றாக நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை சோறு கிடைக்காது. அது முறையாக, பிழை எதுவும் இல்லாமல், மெதுவாக இறங்கிய சொல். ஜிஜூன் குறுக்கு வழியால் வந்தது. வந்து சேர்ந்த பிறகு இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான்.

சிறுபிள்ளைத்தனத்துக்கு ஆங்கிலத்தில் முறையாகப் பிறந்த அரிய சொல் வேண்டும் என்றால் அது ‘பியுரைல்’. லத்தீனில் ‘புவெர்’ என்றால் பையன், பிள்ளை. ஆங்கிலத்துக்கு அது வந்ததும் 17ஆம் நூற்றாண்டில்தான். மகப்பேற்று மருத்துவத்தில் பேற்றுக்குப் பிந்திய காலத்தைக் குறிக்கிற ‘பியூர்பெரல்’ என்ற சொல்லிலும் அதே பிள்ளை இருக்கிறது, பிள்ளையும் பெறுதலும் சேர்ந்தது அது. ரோமில் இந்தப் புவெருக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. அடிமைகளை, எத்தனை வயதானாலும், எசமானர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், மார்க்குஸின் பையன் என்ற பொருளில் ‘மார்க்கிபோர்’ என்றே பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நரைத்த தலைச் சமையல்காரரையும் ‘போய்’ என்று கூப்பிட்ட கதை இங்கேயும் பழையவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் ‘பொடியன்’ அப்படிக் கீழிறங்கவில்லை. போராளிகளைக் குறித்த ‘பொடியள்’ என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் என்ன கனம் இருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

‘இன்ஃபன்டைல்’ இன்னொன்று. அதன் அடியில் இருப்பது பேசாதது என்ற பொருள், லத்தீன்காரனுக்குக் குழந்தை என்றால் இன்னும் பேச்சு வராத ஒன்று. வள்ளுவருக்கு அதே குழந்தையின் மழலைதான் குழலையும் யாழையும் தோற்கடித்தது. ‘கேலோ’ என்று ஒன்று இருக்கிறது, பழைய ஆங்கிலத்தில் மொட்டை என்று பொருள், இறகு முளைக்காத குஞ்சுக்குப் போய், அங்கிருந்து அனுபவம் போதாத இளைஞனுக்கு வந்தது. ‘சில்லி’ என்ற சாதாரணச் சொல் கூட ஒரு காலத்தில் பாக்கியம் பெற்ற, ஆசீர்வதிக்கப்பட்ட என்று நல்ல நிலையில் இருந்ததுதான், பாவம், அப்பாவி, அறிவிலி என்று படிப்படியாக இறங்கிவிட்டது.

தமிழில் வயதும் மடமையும் சந்திக்கிற சொல் பேதை. பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவது பேதை, ஐந்து முதல் ஏழு வயது வரை என்பார்கள். அதே சொல்தான் குறளில் பேதைமை என்று ஓர் அதிகாரமாகி, கெட்டதை வைத்துக்கொண்டு நல்லதைக் கைவிடுகிற வளர்ந்தவர்களைத் திட்டுகிறது. ‘சிறுபிள்ளை இட்ட வேளாண்மை வீடு வந்து சேராது’ என்ற பழமொழியும் வயதைத்தான் பிடிக்கிறது. இந்தச் சொற்களிலெல்லாம் பிள்ளை முதலிலேயே இருந்தது, ஏளனம் பிறகு வந்தது. ஜிஜூனில் தலைகீழ், ஏளனம் முதலில் இருந்தது, பிள்ளையைப் பிறகு கொண்டுவந்து சேர்த்தார்கள். அதனால்தான் அந்தச் சொல்லில் சிறுபிள்ளைத்தனம் என்றாலும் பிள்ளையின் துடிப்பு தெரியாது. சலிப்பூட்டுகிற சிறுபிள்ளைத்தனம், வயது வந்தவரின் உப்புச்சப்பில்லாத வெகுளித்தனம், அதைத்தான் நல்ல எழுத்தாளர்கள் இந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். கூரையில் கல்லெறிந்துவிட்டு ஓடுகிற பொடியனை யாரும் ஜிஜூன் என்று எழுத மாட்டார்கள்.

மொழிபெயர்க்கிறவர்களும் ஆங்கிலம் படிக்கிறவர்களும் இதை இப்படிப் பிடித்துக்கொள்ளலாம். பேச்சு, கட்டுரை, விரிவுரை, அறிக்கை போன்றவற்றுக்கு இந்தச் சொல் வந்தால் முதலில் ‘சாரமற்ற’, ‘சப்பென்ற’ என்று போட்டுப் பாருங்கள், அனேகமாக அதுதான். மனப்பான்மை, நம்பிக்கை, பகிடி, நடத்தை போன்றவற்றுக்கு வந்தால், அதிலும் கடந்த 100 வருடத்துக்குள் எழுதப்பட்டதென்றால், ‘சிறுபிள்ளைத்தனமான’, ‘வெகுளித்தனமான’ பக்கம் சாயலாம். அரசியல் கருத்து என்று வந்தால்தான் சிக்கல், அங்கே இரண்டும் பொருந்தும், முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நீங்களே ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள், சிறுபிள்ளைத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும் என்றால் பியுரைலைப் போடுங்கள். ஜிஜூனைப் போட்டால், லத்தீன் தெரிந்தவர் ஒருமாதிரி விளங்கிக்கொள்வார், தெரியாதவர் வேறுமாதிரி விளங்கிக்கொள்வார், பரீட்சைத்தாள் திருத்துகிறவர் எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது. உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாவது அசையில், ‘ஜூன்’ என்ற இடத்தில் விழ வேண்டும். பிரெஞ்சு மாதிரி இழுத்துச் சொல்லத் தேவையில்லை, அது லத்தீனிலிருந்து நேரே வந்த சொல்.